அழைப்பவருக்கு ஒரு பொன்மொழி: தொலைபேசி பிபிஎஸ்ஸுக்குக் குலுக்கல் நிரல் எழுதுவது எப்படி?

ஒரு கோப்பிலிருந்து ஏதாவது ஒரு பொன்மொழியை எடுத்துத் திரையில் காட்டுவது பத்து வரி வேலை. நிரல் எழுதப் பழகிய முதல் வாரத்திலேயே யாரும் செய்துவிடலாம். தொலைபேசிக் கம்பியின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பவருக்காக அதே வேலையைச் செய்யும்போதுதான் சங்கடங்கள் தொடங்குகின்றன. அவருடைய திரை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாது. கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் கருவியான அவருடைய மோடத்தின் வேகம் நம் கையில் இல்லை. முந்தாநாள் பார்த்த பொன்மொழியே இன்றும் வந்தால், இந்த பிபிஎஸ் பலகையில் மொத்தம் நான்கே பொன்மொழிகள்தான் போலிருக்கிறது என்று அவர் முடிவு கட்டிவிடுவார். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்தச் சங்கடங்களைப் பற்றியதுதான்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிபிஎஸ் (புல்லட்டின் போர்டு சிஸ்டம், சுருக்கமாகப் பலகை) என்பது ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு. வெளியிலிருந்து ஒருவர் தம் மோடத்தால் அந்த எண்ணை அழைப்பார், கடிதங்கள் படிப்பார், கோப்புகள் எடுத்துக்கொள்வார், துண்டித்துக்கொள்வார். அதன் பிறகுதான் அடுத்தவருக்கு வழி கிடைக்கும். வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் சிகாகோவில் பனிப்புயலில் அடைபட்டுக் கிடந்த நாட்களில் தொடங்கிய சிபிபிஎஸ் என்ற பலகை 1978 பிப்ரவரி 16 அன்று இயங்கத் தொடங்கியது. அதற்கு மறுவருடம், 1979இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் ‘ஃபார்ச்சூன்’ என்ற குட்டி நிரல் இருந்தது. அமெரிக்கச் சீன உணவகங்களில் சாப்பாடு முடிந்ததும் ஒரு மொறுமொறு பிஸ்கட் தருவார்கள். உடைத்தால் உள்ளே ஒரு வாசகம் எழுதிய துண்டுத்தாள் இருக்கும். அந்த பிஸ்கட்டின் பெயர்தான் நிரலுக்கும் வந்தது. பிற்பாடு பெர்க்லி யூனிக்ஸுக்காக கென் அர்னால்டு எழுதிய வடிவம் பரவலானது. பலகை நடத்தியவர்கள், அதாவது சிஸ்ஆப்கள், இதே விளையாட்டைத் தங்கள் டாஸ் இயங்குதளக் கணினிகளிலும் வைத்துக்கொண்டார்கள்.

இன்று பழைய கணினியைத் தூசு தட்டியோ, டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளுக்குள்ளோ ஒரு டாஸ் பலகையை எழுப்புகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். சிங்க்ரோநெட், மிஸ்டிக் போன்று இன்றும் உயிரோடு இருக்கும் பலகை மென்பொருள்களுக்கும் முறை அதேதான். நிரல்வரிகளைத் தரப்போவதில்லை. டர்போ பாஸ்கல், குவிக்பேசிக், சி எதில் எழுதினாலும் நடை ஒன்றே என்பதால் நடையை மட்டும் சொல்கிறேன்.

எந்த இடத்தில் காட்டுவது?

முதலில் இதைத் தீர்மானியுங்கள். நிரலின் அமைப்பே இதைப் பொறுத்துத்தான் மாறும்.

பலருக்கும் முதலில் தோன்றுவது விடைபெறும் திரை. ‘போய் வாருங்கள்’ என்பதோடு ஒரு பொன்மொழி. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு குறைகள் உண்டு. பாதிப் பேர் முறையாக விடைபெறுவதே இல்லை. தங்கள் பக்கத்திலேயே இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். மீதிப் பேருக்கும் கடைசி வரி பல நேரம் போய்ச் சேராது. பலகை தன் எழுத்துகளை மோடத்திடம் கொடுத்துவிட்டு உடனே இணைப்பை அறுத்துவிடும். மோடத்தின் இடைச்சேமிப்பில் இருந்த எழுத்துகள் கம்பியில் ஏறாமலே போய்விடும். பொன்மொழி பாதியில் நிற்கும். விடைபெறும் திரைதான் வேண்டும் என்றால், அதற்கும் துண்டிப்புக்கும் நடுவே இரண்டு நொடி காத்திருக்கும்படி அமையுங்கள்.

என் தேர்வு வேறு. கடவுச்சொல் சரிபார்த்து முடிந்ததும், புதிய கடிதங்களைத் தேடத் தொடங்கும் முன் காட்டுங்கள். பழைய வன்தட்டில் கடிதத் தேடல் சில நொடிகள் எடுக்கும். அந்த நேரத்தில் அழைத்தவர் வெற்றுத் திரையைப் பார்ப்பதற்குப் பதில் பொன்மொழியைப் படித்துக்கொண்டிருப்பார். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பொன்மொழிக்குக் கீழே ‘தொடர என்டரை அழுத்தவும்’ என்று போடாதீர்கள். முதல் நாள் ரசிப்பவர் பத்தாம் நாள் சபிப்பார்.

எந்த முறையில் இணைப்பது?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அழைப்பு நடக்கும்போதே பலகை உங்கள் நிரலை இயக்கி, மோடம் இணைந்திருக்கும் தொடர்துறையில் நிரல் நேரடியாக எழுதுவது. இதற்கு ‘டோர்’ என்று பெயர். பலகை, அழைத்தவரின் விவரங்களை டோர்.சிஸ் போன்ற ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு உங்களிடம் கட்டுப்பாட்டைத் தரும். அதன் முதல் வரியில் தொடர்துறை எண், இரண்டாவதில் வேகம், பத்தாவதில் அழைத்தவரின் பெயர், பதினாறாவதில் அவர் இதுவரை எத்தனை முறை வந்திருக்கிறார் என்ற கணக்கு. பதினான்காவது வரியில் அவருடைய கடவுச்சொல்லும் இருக்கும். சோதனைக்காக அந்தக் கோப்பை அப்படியே பதிவேட்டில் நகலெடுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். டோர் எழுதத் தொடர்துறையோடு பேசத் தெரிய வேண்டும், தொடர்துறையைக் கையாளும் ஃபாசில் என்ற இயக்கி வேண்டும், நடுவில் இணைப்பு அறுந்தால் நிரல் தானாக வெளியே வர வேண்டும். நான்கு வரி வாசகத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

இரண்டாவது வழி, பலகை மென்பொருளின் சொந்த நிரல்மொழி. பிசிபோர்டில் பிபிஎல், மிஸ்டிக்கில் எம்பிஎல், சிங்க்ரோநெட்டில் ஜாவாஸ்கிரிப்ட். நல்ல வழிதான், ஆனால் பலகை மாறினால் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும்.

மூன்றாவதுதான் புதியவருக்கு உகந்தது. எல்லாப் பலகைகளும் நுழைவின்போதும் வெளியேறும்போதும் சில உரைக்கோப்புகளைக் காட்டும். உங்கள் நிரல் தொலைபேசியைத் தொடவே வேண்டாம். ஓர் அழைப்பு முடிந்து அடுத்த அழைப்பு வருவதற்குள் அந்த உரைக்கோப்பை மாற்றி எழுதினால் போதும். அழைத்தவருக்கு அனுப்பும் பாடு பலகையினுடையது. இனி வருவதெல்லாம் இந்த மூன்றாம் வழிக்கானவை.

பொன்மொழிக் கோப்பு

இங்கேதான் அதிக நேரம் செலவாகும், செலவழிக்கவும் வேண்டும்.

சாதாரண உரைக்கோப்பு ஒன்று போதும். ஒவ்வொரு பொன்மொழிக்கும் பின்னால் % குறி மட்டும் உள்ள ஒரு தனி வரி. ஃபார்ச்சூன் கோப்புகள் இப்படித்தான் இருக்கும் என்பதால் அவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு வரிக்கு ஒரு பொன்மொழி என்று எழுதி, நிரலே மடித்துக்கொள்ளட்டும் என்று நினைக்காதீர்கள். எங்கே மடிக்க வேண்டும் என்பது பொருளைப் பொறுத்தது, கணக்கைப் பொறுத்ததல்ல. நகைச்சுவையின் கடைசிச் சொல் தனி வரியில் விழ வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், நிரலுக்குத் தெரியாது.

வரியின் நீளம் 75 எழுத்துக்குள் இருக்கட்டும். திரை 80 எழுத்து அகலம்தான், ஆனால் எண்பதாவது எழுத்தை எழுதியதும் சில முனையங்கள் தாமாகவே அடுத்த வரிக்குப் போகும், அதன் பின் நீங்கள் அனுப்பும் வரி முடிவு இன்னொரு வெற்று வரியை உண்டாக்கும். ஐந்து எழுத்து ஓரம் விட்டால் இந்தத் தலைவலி இல்லை.

எத்தனை வரி? இதற்கு விடை மோடத்திடம் இருக்கிறது. ஓர் எழுத்து கம்பியில் போகும்போது தொடக்கத்துக்கு ஒரு பிட், எழுத்துக்கு எட்டு, முடிவுக்கு ஒன்று எனப் பத்து பிட் ஆகிறது. ஆகவே நொடிக்கு 300 பிட் வேக மோடத்தில் நொடிக்கு 30 எழுத்து, 1200இல் 120, 2400இல் 240. ஐந்து வரி, வரிக்கு எழுபது எழுத்து என்று வைத்தால் 350 எழுத்து. 300இல் அது கிட்டத்தட்ட 12 நொடி, 2400இல் ஒன்றரை நொடி, 14400இல் கால் நொடி. பன்னிரண்டு நொடி என்பது எழுத்தெழுத்தாக ஊர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீளமான நேரம். இன்று 300இல் யாரும் அழைக்கப்போவதில்லை என்பீர்கள். பழைய கணினி வைத்திருப்பவர்களில் சிலர் அந்த மெதுவுக்காகவே அழைப்பார்கள்! என் வரம்பு ஆறு வரி. அதற்கு மேல் போனால் அது பொன்மொழி இல்லை, கட்டுரை.

எழுத்துகளைப் பொறுத்தவரை ஆங்கில விசைப்பலகையில் உள்ள சாதாரண ஆஸ்கி எழுத்துகளோடு நில்லுங்கள். சொற்செயலியிலிருந்து வெட்டி ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறிகளும் நீண்ட கோடுகளும் கூடவே வரும். டாஸ் திரையில் அவை விசித்திர எழுத்துகளாகத் தெரியும். தாவல் எழுத்துகளை இடைவெளிகளாக மாற்றிவிடுங்கள். கோப்பின் நடுவில் 26ஆம் எண் எழுத்து எங்காவது ஒளிந்திருந்தால் பல நிரல்கள் கோப்பு அத்தோடு முடிந்தது என்று நின்றுவிடும். டாஸில் கோப்புகளைக் கூட்டல் குறி போட்டு காப்பி கட்டளையால் இணைக்கும்போது அந்த எழுத்து கடைசியில் தானாகச் சேரும். இருமமாக இணைக்கச் சொல்லும் விருப்பத்தைச் சேர்த்துக்கொண்டால் சேராது.

இன்னொரு பொறி, பலகையின் சொந்தக் குறியீடுகள். பிசிபோர்டு @ குறிகளுக்கு நடுவே இருப்பதைக் கட்டளையாகப் பார்க்கும். ரெனகேடு என்ற பலகை மென்பொருளும் மிஸ்டிக்கும் | குறிக்குப் பின் வரும் இரண்டு இலக்கத்தை நிறமாக எடுத்துக்கொள்ளும். உங்கள் பொன்மொழியில் இந்தக் குறிகள் இருந்தால் பாதி வாசகம் மறைந்து, மீதி சிவப்பாக வரலாம்.

திருக்குறளைப் போடலாமே என்று இதைப் படிக்கும் எவருக்கும் தோன்றும். இரண்டு வரி, ஏழு சீர், 1330 என்று கச்சிதமான எண்ணிக்கை. இந்த வேலைக்கென்றே எழுதியது போல இருக்கிறது. ஆனால் டாஸ் திரையின் 437ஆம் எழுத்துத் தொகுதியில் 256 உருக்களுக்குத்தான் இடம், அவற்றில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்துப் போட்டால் குறளும் கெட்டு, படிப்பவரும் கெடுவார். விட்டுவிடுவதே மரியாதை.

யார் சொன்னது என்பதைக் கடைசி வரியில் வலப்பக்கம் தள்ளி எழுதுவது வழக்கம். பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் பெயரில்லாமலே விடுங்கள். ஐன்ஸ்டைன் தலையில் கட்டப்பட்ட வாசகங்களுக்கு ஏற்கெனவே குறைவில்லை. முகம் சுளிக்க வைக்கும் வகையறா உங்கள் சேகரிப்பில் இருந்தால் தனிக் கோப்பில் வையுங்கள். பெர்க்லி வடிவம் அவற்றைத் தனியாகப் பிரித்தது மட்டுமல்ல, ஒவ்வோர் எழுத்தையும் பதின்மூன்று இடம் தள்ளி மாற்றி, தற்செயலாகத் திறப்பவர் கண்ணில் படாதபடியும் வைத்திருந்தது.

அட்டவணைக் கோப்பு

பொன்மொழிகள் பல நீளத்தில் இருக்கின்றன. 412ஆவது பொன்மொழி எந்த பைட்டில் தொடங்குகிறது என்று அறிய, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படித்து வர வேண்டியதில்லை. ஒரு சிறு நிரலை ஒருமுறை ஓட்டி, ஒவ்வொரு பொன்மொழியும் தொடங்கும் இடத்தை நான்கு பைட் எண்ணாக வரிசையாக எழுதி வைத்துவிடுங்கள். ஆயிரம் பொன்மொழிக்கு 4000 பைட். 412ஆவது வேண்டுமென்றால் அட்டவணையில் 411 × 4 ஆவது பைட்டுக்குப் போய் ஓர் எண்ணைப் படித்து, பொன்மொழிக் கோப்பில் அந்த இடத்துக்குத் தாவிவிடலாம். ஃபார்ச்சூனுக்கு ‘ஸ்டர்ஃபைல்’ என்ற துணைநிரல் இதைத்தான் செய்கிறது.

சிலர் அட்டவணையே வேண்டாம் என்று ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: கோப்பின் நீளத்துக்குள் ஏதாவதொரு பைட்டைக் குலுக்கி எடு, அங்கே குதி, அடுத்த % வரும்வரை தாண்டு, அதன் பின் வருவதைக் காட்டு. வேகமானது, ஆனால் நேர்மையற்றது. ஆயிரம் பைட் நீளமுள்ள ஒரு பொன்மொழிக்கு அடுத்து நிற்பதற்கு, ஐம்பது பைட் பொன்மொழிக்கு அடுத்து நிற்பதைவிட இருபது மடங்கு வாய்ப்பு. நீளமான பக்கத்து வீட்டுக்காரர் அமைந்துவிட்டால் அடிக்கடி மேடை ஏறலாம்.

பொன்மொழிக் கோப்பைத் திருத்திவிட்டு அட்டவணையைப் புதுப்பிக்க மறப்பது எல்லோரும் செய்யும் தவறு. நானும் ஒரு வாரம் முழுக்க, அழைத்தவர்களுக்குப் பாதி வாக்கியத்தில் தொடங்கும் பொன்மொழிகளைப் பரிமாறியிருக்கிறேன். ஒருவர் அதைப் புதுக்கவிதை என்று நினைத்துப் பாராட்டியும் எழுதினார். பொன்மொழிக் கோப்பின் தேதி அட்டவணையின் தேதியைவிடப் புதியதாக இருந்தால் நிரலே அட்டவணையை மறுபடி கட்டிக்கொள்ளும்படி செய்துவிடுங்கள்.

குலுக்கல்

சமவாய்ப்பு எண் தரும் வசதி எல்லா மொழிகளிலும் உண்டு. அதற்கு ஒரு தொடக்க எண், அதாவது விதை, வேண்டும். டர்போ பாஸ்கலிலும் குவிக்பேசிக்கிலும் ‘ராண்டமைஸ்’ கட்டளையைக் கொடுக்க மறந்தால் நிரல் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதே வரிசையில் அதே எண்கள்தான் வரும். நம் நிரல் ஓர் அழைப்புக்கு ஒருமுறை தொடங்கி ஓர் எண் எடுத்து முடிந்துவிடுகிறது. ஆக, எல்லோருக்கும் என்றென்றும் ஒரே பொன்மொழி.

கட்டளையைக் கொடுத்தாலும் கவலை முழுதும் தீராது. டர்போ பாஸ்கல் விதையைக் கணினிக் கடிகாரத்தின் மணியிலிருந்து எடுக்கிறது, தேதியைப் பார்ப்பதில்லை. தினமும் அதிகாலை மூன்று மணிக்கு நிரல் தானாக ஓடும்படி வைத்தால் விதைகள் ஒன்றுக்கொன்று மிக அருகிலேயே விழும். 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியிலும் அதன் தம்பி எக்ஸ்டியிலும் மின்கலத்தில் ஓடும் கடிகாரமே கிடையாது. நேரத்தை நாம் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அது 1980 ஜனவரி 1 நள்ளிரவில் கண் விழிக்கும். அப்படிப்பட்ட கணினியில் மின்சாரம் போய் வந்ததும் நிரல் ஓடினால் விதை எப்போதும் ஏறக்குறைய ஒன்றே. கடந்த முறை கிடைத்த சமவாய்ப்பு எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைத்து, அடுத்த முறை அதையும் மணியோடு கூட்டி விதையாகக் கொடுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

விதை சரியாகிவிட்டதும் அடுத்த ஏமாற்றம் வரும். நேர்மையான குலுக்கல், பார்ப்பவருக்கு நேர்மையாகத் தோன்றாது. 365 பொன்மொழிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கினால், 23 அழைப்புகளுக்குள் ஏதாவதொன்று இரண்டாம் முறை வந்துவிடும் வாய்ப்பு பாதிக்கும் மேல். பிறந்தநாள் புதிர் என்று பள்ளிக் கணக்கில் படித்தது இதுதான். ‘உங்கள் நிரல் பழுது’ என்று சிஸ்ஆப்புக்குக் கடிதம் வரும். பழுதில்லை என்று விளக்குவதைவிட முறையை மாற்றுவது எளிது.

சீட்டுக்கட்டைப் போல நடத்துங்கள். எல்லா எண்களையும் ஒருமுறை கலைத்து ஒரு வரிசைக் கோப்பில் எழுதி வைத்துவிட்டு, ஓர் அழைப்புக்கு ஒரு சீட்டாக மேலிருந்து எடுங்கள். கட்டு தீர்ந்ததும் மறுபடி கலையுங்கள். வரிசைக் கோப்பின் தலைப்பில், இதுவரை எத்தனை சீட்டு எடுத்தாயிற்று என்ற எண். பின்னால் ஒவ்வொன்றும் இரண்டு பைட்டாகச் சீட்டு எண்கள். ஆயிரம் பொன்மொழிக்கு 2000 பைட்டும் கொஞ்சமும். எல்லாம் ஒருமுறை வந்து முடியும்வரை எதுவும் திரும்ப வராது.

கலைப்பதிலும் ஒரு முறை உண்டு. கடைசிச் சீட்டிலிருந்து தொடங்குங்கள். மொத்தச் சீட்டுகளில் ஏதாவதொன்றைக் குலுக்கி எடுத்து அதையும் கடைசிச் சீட்டையும் இடம் மாற்றுங்கள். பிறகு கடைசிக்கு முந்திய இடம். இப்போது கடைசிச் சீட்டைச் சேர்க்காமல், அதற்கு முன்னுள்ளவற்றிலிருந்து மட்டும் குலுக்குங்கள். இப்படியே முன்னேறி முதல் சீட்டுக்கு வந்தால் முடிந்தது. ஃபிஷர், யேட்ஸ் இருவரும் 1938இல் தந்த முறையின் கணினி வடிவம் இது. ஒவ்வொரு முறையும் முழுக் கட்டிலிருந்தும் குலுக்கினால் என்ன என்று கேட்பார்கள். மூன்று சீட்டை எடுத்துப் பாருங்கள். அப்படிச் செய்தால் 27 வழிகள், வரிசைகளோ ஆறு. 27ஐ ஆறால் சமமாகப் பங்கிட முடியாது, எனவே சில வரிசைகள் மற்றவற்றைவிட அதிகமாக வந்தே தீரும்.

பழைய கட்டின் கடைசிச் சீட்டும் புதிய கட்டின் முதல் சீட்டும் ஒன்றாக அமைந்துவிடலாம். கலைத்து முடித்ததும் அதைச் சரிபார்த்து, ஒன்றாக இருந்தால் முதல் சீட்டை நடுவில் எங்காவது செருகிவிடுங்கள். கணிதக்காரர்கள் முறைப்பார்கள், அழைப்பவர் கவனிக்கமாட்டார்.

திரைக்கோப்பை எழுதுதல்

இது எளிது. பொன்மொழியைப் படித்து, மேலே ஒரு வெற்று வரி, கீழே ஒரு வெற்று வரி சேர்த்து, பலகை காட்டும் கோப்பின் பெயரில் எழுத வேண்டும். நேரடியாக அந்தப் பெயரில் எழுதாமல் வேறொரு பெயரில் எழுதி முடித்து, பழையதை அழித்து, புதியதற்கு அந்தப் பெயரைச் சூட்டுங்கள். ஏற்கெனவே இருக்கும் பெயரை டாஸ் இன்னொன்றுக்குத் தராது என்பதால் அழித்த பிறகே பெயர் மாற்ற முடியும். நடுவில் மின்சாரம் போனால் அரைகுறைக் கோப்பு மிஞ்சாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

பெரும்பாலான பலகைகள் நிறமில்லாத கோப்பையும் நிறக் கோப்பையும் தனித்தனியாக வைக்கும். இரண்டையும் எழுதுங்கள். நிறம் சேர்த்தால் கடைசியில் இயல்பு நிறத்துக்குத் திரும்பும் குறியீட்டை மறக்காதீர்கள். மறந்தால் அதன் பின் வரும் பட்டியல்களெல்லாம் மஞ்சளில் வரும். ஒரே ஒரு நிறம் போதும். பொன்மொழிக்கு வானவில் வேண்டாம்.

டர்போ பாஸ்கலில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: திரையைக் கையாளும் ‘கிரட்’ தொகுப்பை இந்த நிரலில் சேர்க்காதீர்கள். நமக்கு அது தேவையும் இல்லை. காத்திருப்பு நேரத்தைக் கணிக்க அது தொடக்கத்தில் செய்யும் வகுத்தல், வேகமான பென்டியம் கணினிகளில் எல்லை மீறி, 200ஆம் எண் பிழையோடு நிரலைக் கொன்றுவிடும். அந்தப் பிழை வந்ததும் தங்கள் குலுக்கல் கணக்கில் தவறு தேடி இரவுகளைத் தொலைத்தவர்கள் உண்டு.

பலகையோடு கட்டுதல்

டாஸ் பலகைகள் பெரும்பாலும், கட்டளைகளை வரிசையாக வைத்திருக்கும் ஒரு பேட்ச் கோப்பின் சுழற்சிக்குள் ஓடும். அந்தச் சுழற்சியின் தலையில் உங்கள் நிரலுக்கு ஒரு வரி, அடுத்து பலகையைத் தொடங்கும் வரி, அழைப்பு முடிந்து பலகை வெளியே வந்ததும் மறுபடி தலைக்குப் போகும் வரி. பலகை எந்தக் காரணத்துக்காக வெளியே வந்தது என்பதை எர்ரர்லெவல் எண்ணால் சொல்லும். ‘இந்த எண் என்றால்’ என்று எழுதுவதை டாஸ் ‘இந்த எண்ணோ அதற்கு மேலோ என்றால்’ என்று புரிந்துகொள்ளும். ஆகவே பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு இறங்குமுகமாகச் சோதியுங்கள். ஏறுமுகமாக எழுதினால், பலகையை மூடச் சொன்னாலும் அது மூடாமல் சுழன்றுகொண்டே இருக்கும்.

உங்கள் நிரல் ஓடும் நேரத்தில் தொலைபேசி மணி அடித்தால் எடுக்க ஆளில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு நொடிக்குள் முடிய வேண்டும். அட்டவணை இருப்பதால் முடியும். அட்டவணையை மறுபடி கட்டும் நாளில் மட்டும் சற்று நேரமாகலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகள் உள்ள பலகையில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வரிசைக் கோப்பைத் திறந்து எழுத முயன்று மோதிக்கொள்ளும். பூட்டிப் பூட்டித் திறக்கும் வித்தைகளுக்குப் பதில், ஒவ்வோர் இணைப்புக்கும் அதன் எண்ணைப் பெயரில் சேர்த்துத் தனி வரிசைக் கோப்பும் தனித் திரைக்கோப்பும் கொடுத்துவிடுங்கள். பொன்மொழிக் கோப்பும் அட்டவணையும் பொதுவாக இருக்கலாம். அவற்றைப் படிக்க மட்டும் திறக்கிறோம் என்று நிரலில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அழைப்பவர்கள் அனுப்பும் பொன்மொழிகள்

சில வாரங்களில் யாராவது ‘என்னிடமும் ஒன்று இருக்கிறது’ என்பார். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் தானாகக் கோப்பில் சேரும்படி விடாதீர்கள். வாசகத்தை மட்டும் பார்த்தால் போதாது. திரைக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் ஆன்சி.சிஸ் இயக்கியை ஏற்றிய டாஸ் கணினியில், 27ஆம் எண் எழுத்தோடு தொடங்கும் ஒருவகைக் கட்டளையால் விசைப்பலகையின் விசைகளுக்கு வேறு பொருள் கொடுக்க முடியும். என்டரை அழுத்தினால் வன்தட்டை அழிக்கும் கட்டளை ஓடும்படிகூட ஒளித்து வைக்கலாம். ஆன்சி குண்டு என்று இதற்குப் பெயர். உங்கள் திரையில் அந்தக் கோப்பைப் பார்த்தாலே அது வேலை செய்துவிடும். ஆகவே வந்த கோப்பைத் திறந்து பார்க்கும் முன்பே, 32க்குக் கீழ் எண் உள்ள எழுத்துகளில் வரி முடிவுகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கும் ஒரு வடிகட்டி வழியாக அனுப்புங்கள். இருபது வரி நிரல்தான்.

சோதனை

பொன்மொழிக் கோப்பே இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். நிரல் பழைய திரைக்கோப்பைத் தொடாமல் அமைதியாக வெளியேற வேண்டும், பேட்ச் சுழற்சியை நிறுத்தக் கூடாது. வெற்றுக் கோப்போடு ஒருமுறை. ஒரே ஒரு பொன்மொழியோடு ஒருமுறை. முதல் சீட்டும் கடைசிச் சீட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்ற சோதனை இங்கே முடிவில்லாமல் சுழலக்கூடும், பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பொன்மொழிக்குப் பின் % இல்லாமல் ஒருமுறை. இரண்டு % வரிகள் அடுத்தடுத்து வரும்படி ஒருமுறை. வெற்றுப் பொன்மொழி அட்டவணையில் ஏறக் கூடாது.

டாஸ்பாக்ஸில் மோடத்தைப் போல நடிக்கும் தொடர்துறை வசதி இருக்கிறது. அதில் பலகையை வைத்துவிட்டு இன்னொரு கணினியின் முனைய மென்பொருளிலிருந்து அழைத்துப் பாருங்கள்; வேகத்தை 2400க்குக் குறைத்து ஒருமுறை, நிறத்தை அணைத்து ஒருமுறை.

எல்லாம் சரியாக இருந்தால் வரிசைக் கோப்பை அழித்துவிட்டுப் பலகையைப் புதிதாகத் தொடங்குங்கள். பத்து முறை அழைத்து, பத்து முறை துண்டியுங்கள். பிறகு வரிசைக் கோப்பின் தலைப்பு எண்ணைப் பாருங்கள். பத்து என்று இருக்காது, பதினொன்று என்று இருக்கும். அடுத்து அழைக்கப்போகிறவருக்கான சீட்டு ஏற்கெனவே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது.